புது ஸ்டிக், புது வாட்ச்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளிக்குப் பின்னாலேயே நவம்பர் கடைசி பிளாக் ஃப்ரைடேயும் வந்துவிடும். அந்த இடைவெளியில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு புதுப் பெட்டி பிரித்திருப்பார்கள். டிவியில் செருகி நெட் வழியாகப் படம் பார்க்கும் ஸ்டிக், டிவியின் சத்தத்துக்கான நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார், மணிக்கட்டில் கட்டும் ஃபிட்னஸ் வாட்ச், இவற்றில் ஏதாவது ஒன்று. டிசம்பர் பிறந்ததும் "ஓடமாட்டேன் என்கிறது, கொஞ்சம் வந்து பார்" என்று ஃபோன் வரும். உறவுக்காரர்களுக்கும் கோயில் நண்பர்களுக்கும் பல வருடங்களாகப் பார்த்துக் கொடுத்ததில், பொருளே பழுதாக இருந்தது குறைவு. அதற்குப் போகும் மின்சாரம், கேபிள், வைஃபை, கட்டியிருக்கும் விதம் இவற்றில்தான் பெரும்பாலும் சிக்கல் இருந்தது.

அதனால் கீழே எல்லா அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது, காசு கேட்கும் வேலை கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃபேக்டரி ரீசெட்டை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். பாஸ்வேர்டுகள் போய்விடும், கோளாறு எங்கே இருந்தது என்பதும் தெரியாமலே போகும்.

டிவி பக்கம்

1. ஸ்டிக் தானாக அணைந்து எழுகிறது, அல்லது லோகோவிலேயே நிற்கிறது

ஸ்டிக்கின் பவர் வயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

*டிவியின் யூஎஸ்பி துளையில் என்றால்:* பெரும்பாலும் அதுதான் காரணம். துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 0.5ஏ என்று இருக்கும். பல ஸ்டிக்குகளுக்கு 1 ஆம்பியர் வேண்டும், 4கே ஸ்டிக் சிலவற்றுக்கு அதற்கும் மேல். மெனு வரைக்கும் தாக்குப்பிடிக்கும், படம் ஓட ஆரம்பித்ததும் விழுந்துவிடும். பெட்டியோடு வந்த அடாப்டரை எடுத்துச் சுவரில் செருகுங்கள்.

*அந்த அடாப்டர் இங்குள்ள சாக்கெட்டில் பொருந்தவில்லை என்றால்:* ஊரிலிருந்து யாராவது வாங்கி வந்த ஸ்டிக்கில் இது நடக்கும். தமிழ்நாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போடும் பெரிய உருண்டைக் கால் பிளக் இங்கே நேராகப் போகும், சின்ன மூன்று கால் பிளக் போகாது. மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை. நல்ல மல்டிபிளக் ஒன்று போதும். இதற்காகத் தீப்பெட்டிக் குச்சி செருகி அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

*சுவரில் செருகியும் விழுகிறது என்றால்:* வேறொரு யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்புறம் ஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், சுவரோடு ஒட்டிய டிவியின் பின்னால் காற்றே போகாமல் வெந்துகொண்டிருக்கிறது. பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிள் வந்திருக்கும், பலர் அதைப் பிரிப்பதே இல்லை. அதைப் போட்டு ஸ்டிக்கை வெளியே தொங்கவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி டர்பன் வெயிலில் இது மட்டுமே பல வீடுகளில் போதுமாக இருந்தது.

*இதுவும் இல்லை என்றால்:* பயன்படுத்தாத ஆப்களை நீக்கி இடம் பண்ணுங்கள். அதன் பிறகுதான் ரீசெட். ரீசெட்டுக்குப் பிறகும் லோகோவில் நின்றால் ஸ்டிக்கே போய்விட்டது. அதைப் பிரித்துச் சரிசெய்யக் காசு கொடுக்காதீர்கள், கடைசிப் பகுதியில் சொல்லியிருப்பதுபோலத் திருப்பிக் கொடுங்கள்.

2. லோட் ஷெட்டிங் முடிந்து கரண்ட் வந்த பிறகு எதுவும் எழவில்லை

2023-ல் பட்ட பாடு இப்போது இல்லை. ஆனாலும் கரண்ட் போய் வருவது நின்றுவிடவில்லை. ஜோஹனஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் கோடை மாலைகளில் இடியும் சேர்ந்துகொள்கிறது. கரண்ட் திரும்பும் அந்த முதல் சில நொடிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அடி விழுவது அப்போதுதான்.

முதலில் சர்ஜ் பிளக்கின் (இந்த ஏற்றத்தைத் தடுக்கும் பிளக்) விளக்கைப் பாருங்கள். பாதுகாப்பைக் காட்டும் விளக்கு அணைந்திருந்தால் அதனுள்ளே இருக்கும் பாகம் அடியை வாங்கிக்கொண்டு தேய்ந்துவிட்டது. கரண்ட் தொடர்ந்து கொடுக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. பல வீடுகளில் அது அணைந்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். மாற்றுங்கள்.

அடுத்து எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு, டிவியை மட்டும் தனியாகச் செருகுங்கள். அது எழுந்தால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஸ்டிக்கோ ரவுட்டரோ எழவில்லை என்றால் அதே வோல்ட், அதே அளவு அல்லது அதைவிடக் கூடுதல் ஆம்பியர் உள்ள வேறொரு அடாப்டரில் போட்டுப் பாருங்கள். அடாப்டர் செத்து கருவி பிழைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

*இங்கே நிறுத்த வேண்டிய இடம்:* கருகிய வாடை, சாக்கெட் ஓரத்தில் பழுப்புக் கறை, அல்லது டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுதல். இதில் எது இருந்தாலும் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் செத்த கருவியைத் தூக்கிப் போடாதீர்கள். டெக்னீஷியன் அறிக்கை கேட்பது வழக்கம்.

3. ரவுட்டர் விளக்கு எரிகிறது, நெட் இல்லை

ஃபைபர் வீட்டில் பெட்டி பெரும்பாலும் இரண்டு: சுவரில் ஃபைபர் வந்து இறங்கும் சின்னப் பெட்டி ஒன்று, வைஃபை கொடுக்கும் ரவுட்டர் ஒன்று. மினி யூபிஎஸ் வாங்கியவர்கள் ரவுட்டரை மட்டும் அதில் மாட்டிவிட்டு, சுவர்ப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் மாட்டுங்கள். மாட்டும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 கொடுத்தால் அது கருகிவிடும்.

இரண்டுக்கும் கரண்ட் இருந்தும், சுவர்ப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. நெட் கம்பெனிக்கு ஃபோன் செய்யுங்கள். அந்த மெல்லிய கண்ணாடி இழையை நீங்களே கழற்றித் துடைக்க வேண்டாம்.

4. படம் நின்று நின்று வருகிறது

ஃபோனை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, அதே வைஃபையில் வேகச் சோதனை செய்யுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று செய்தால் பயனில்லை. நெட்ஃபிளிக்ஸ் கேட்பது எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15.

*டிவி அருகே வேகம் குறைவு, ரவுட்டர் அருகே நன்றாக இருக்கிறது:* வைஃபை வந்து சேரவில்லை. சாட்ஸ்வொர்த் பழைய வீடுகளின் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை களைத்துவிடும். ரவுட்டர் இருப்பது டிவி அறையிலேயே என்றால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சுவர் தள்ளி என்றால் 2.4-இல் வையுங்கள். ஒட்டு வீடுகளில் 2.4-இல் அக்கம்பக்கத்து நெரிசல் இருக்கும், ரவுட்டர் அமைப்பில் சேனலை 1, 6, 11 என மாற்றி மூன்றையும் பாருங்கள். கடைசி வழி, ரவுட்டரிலிருந்து டிவிக்கு நேராக நெட்வொர்க் கேபிள் இழுப்பது. அது எந்த மெஷ் பெட்டியைவிடவும் மலிவு, உறுதியும்கூட.

*இரண்டு இடத்திலும் குறைவு:* வீட்டில் யார் என்ன டவுன்லோட் செய்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் நெட் கம்பெனி.

*இரண்டு இடத்திலும் வேகம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு ஆப் மட்டும் தவிக்கிறது:* அந்த ஆப்பின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழியுங்கள், அப்டேட் செய்யுங்கள். அப்படியும் நின்றால் கோளாறு அவர்கள் பக்கம், உங்கள் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள்.

5. சத்தம் வருகிறது, வாயசைவோடு ஒட்டவில்லை

முதியவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. காது மந்தமானவர்கள் வாயசைவையும் பார்த்துத்தான் வசனத்தைப் பிடிக்கிறார்கள். ஆயா "எனக்குப் புரியவில்லை" என்று டிவியை விட்டு எழுந்து போனால், ஒலியைக் கூட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

முதல் கேள்வி: சத்தம் முந்துகிறதா, பிந்துகிறதா?

*சத்தம் முந்துகிறது:* டிவி அல்லது சவுண்ட்பார் மெனுவில் ஒலித் தாமதம் என்ற அமைப்பு இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்துச் சரிசெய்வது எளிது.

*சத்தம் பிந்துகிறது:* அந்த அமைப்பு உதவாது. தாமதத்தைக் கூட்டத்தான் முடியும், வந்த தாமதத்தைக் குறைக்க முடியாது. சவுண்ட்பார் ப்ளூடூத்தில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சத்தத்தைப் பின்தள்ளும். அதைத் துண்டித்து எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். டிவியில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதிய துளையில்தான் போட வேண்டும், மற்ற துளைகளில் போட்டால் சத்தமே வராது. ஏஆர்சி இல்லாத பழைய டிவிக்கு ஆப்டிகல் கேபிள்.

*ஏஆர்சியில் போட்டும் சத்தமே இல்லை:* டிவியில் சிஇசி என்ற அமைப்பை (எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்குவது) இயக்குங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்குச் சொந்தப் பெயர் வைத்திருக்கும், சாம்சங்கில் எனினெட், எல்ஜியில் சிம்ப்ளிங்க். அடுத்து ஒலி வெளியீட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள். பழைய சவுண்ட்பார்களுக்குப் புது ஒலி வடிவங்கள் புரியாமல் மௌனமாகிவிடும், பிசிஎம் எல்லாவற்றுக்கும் புரியும்.

6. திரை கருப்பு, அல்லது நொடிக்கு நொடி மின்னி மறைகிறது

கேபிளை இரண்டு முனையும் கழற்றிச் செருகுங்கள். டிவியின் வேறு எச்டிஎம்ஐ துளையில் போடுங்கள். ஸ்டிக் அமைப்பில் 4கேயிலிருந்து 1080க்கு இறக்குங்கள். இறக்கியதும் படம் வந்துவிட்டால் பெரும்பாலும் கேபிள் பழசு. 4கேக்கு பிரீமியம் ஹை ஸ்பீட் என்று அச்சிட்ட கேபிள் வேண்டும், நீளம் குறைவாக இருப்பது நல்லது. புரொஜெக்டரோ பழைய ஆம்ப்ளிஃபையரோ நடுவில் இருந்தால் அதைத் தாண்டி நேராக டிவியில் போட்டுப் பாருங்கள். நகல் தடுப்பு முறை பழசாக இருக்கும் கருவி 4கே படத்தை மறித்துவிடும்.

7. டிஎஸ்டிவி டிகோடரில் ஈ48-32 (டிஷ் சிக்னல் இல்லை)

மழையின்போது மட்டும் என்றால் காத்திருங்கள், கனமழை அந்த அலைவரிசையை உறிஞ்சிக்கொள்ளும். மழை விட்டும் போகவில்லை என்றால் டிகோடரின் பின்னால் திருகும் கேபிளைக் கையால் இறுக்குங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் டிஷ்ஷின் தலையில் உள்ள இணைப்பு உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். அதற்குக் கூரை ஏற வேண்டாம், டிஷ் ஆளைக் கூப்பிடுங்கள். ஈ16 என்று வந்தால் அது சந்தா விஷயம், பழுதில்லை.

8. வேண்டிய தமிழ் ஆப் ஸ்டோரிலேயே இல்லை

கருவியில் குறையில்லை. ஸ்டோர் உங்கள் கணக்கின் நாட்டைப் பார்த்துத்தான் ஆப்களைக் காட்டுகிறது. கூகுள் பிளேயில் நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், எனவே அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் அந்த ஆப் தென்னாப்பிரிக்காவில் சந்தா தருகிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள்.

மணிக்கட்டுப் பக்கம்

9. இதயத்துடிப்பு நம்பும்படி இல்லை

கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அதே நேரம் வாட்ச் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இதைச் செய்யாமல் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

*உட்கார்ந்திருக்கும்போது சரி, நடக்கும்போது தவறு:* பட்டை தளர்ந்திருக்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஒரு விரல் அகலம் தள்ளி, நழுவாத அளவுக்கு இறுக்குங்கள். உடற்பயிற்சி முடிந்ததும் தளர்த்திவிடலாம். வளையல் அதே கையில் இருந்தால் வாட்சை அடுத்த கைக்கு மாற்றுங்கள், வளையல் ஒவ்வொரு அசைவிலும் வாட்சை நகர்த்தும்.

*ஓடும்போது 160, 170 என்று ஒரே இடத்தில் நிற்கிறது:* வாட்ச் உங்கள் துடிப்பை விட்டுவிட்டு காலடியை எண்ணுகிறது. ஓட்டக்காரர்களின் நிமிடக் காலடியும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கும். ஒரு நிமிடம் நின்று, பட்டையை மேலே ஏற்றிக் கட்டி மறுபடி ஆரம்பியுங்கள். ஜோஹனஸ்பர்க் ஜூன், ஜூலைக் காலைக் குளிரில் தோலில் ரத்த ஓட்டம் குறைவதால் முதல் சில நிமிடங்களுக்கு இது அடிக்கடி வரும். உடம்பு சூடான பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள்.

*உட்கார்ந்திருக்கும்போதே தவறு:* வாட்சின் அடியிலுள்ள கண்ணாடியைத் துடையுங்கள். எண்ணெய், விபூதி, மஞ்சள், சன்ஸ்கிரீன் எல்லாம் அதில் படியும். இந்தக் கருவி பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. கல்யாண வீட்டு மருதாணியோ குத்திய பச்சையோ அந்த இடத்தில் இருந்தால் ஒளி திரும்பாது. மருதாணி மங்கும்வரை வேறிடத்தில் கட்டுங்கள். பச்சை குத்திய கைக்கு வேறு வழியில்லை, மறு கைதான்.

*எல்லாம் செய்தும் வேண்டிய துல்லியம் இல்லை:* மார்பில் கட்டும் பட்டை வாங்குங்கள். காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கு நான் நேராக இதைத்தான் சொல்வேன்.

*விரலால் எண்ணியதும் ஒழுங்கற்றுத் துடிக்கிறது, அல்லது மார்பில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருக்கிறது:* வாட்சை மறந்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112.

10. வாட்ச் காட்டும் சர்க்கரை அளவும் விரல் குத்திப் பார்த்த அளவும் ஒத்துப்போகவில்லை

இதற்குச் சோதனையும் இல்லை, அமைப்பும் இல்லை. ஊசி இல்லாமல் தோலின் மேலிருந்து சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஆனாலும் மலிவு வாட்சுகளில் அந்தப் பக்கம் அழகான வரைபடத்தோடு வந்துகொண்டே இருக்கிறது. நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. விரல் குத்தும் கருவியை நம்புங்கள். வாட்சில் அந்தப் பக்கத்தை மறைத்துவிடுங்கள், முடியாவிட்டால் அந்த வாட்சைப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

கையில் ஒட்டும் சென்சாரிலிருந்து வரும் எண்ணை வாட்ச் காட்டுவது வேறு. அங்கே அளப்பது சென்சார், வாட்ச் வெறும் திரை.

ரத்த அழுத்தம் காட்டும் வாட்சுகளில், கைப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லும் நல்ல மாடல்கள் உண்டு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை திருத்தச் சொன்னால் தவறாமல் செய்யுங்கள். திருத்தவே கேட்காத வாட்சின் எண்ணை டாக்டரிடம் எடுத்துப் போக வேண்டாம்.

11. அடி எண்ணிக்கை கூடுகிறது, அல்லது குறைகிறது

வாட்ச் காலை எண்ணுவதில்லை, கை வீச்சை எண்ணுகிறது. ரொட்டி உருட்டினால் கூடும், காய் நறுக்கினால் கூடும். டிராலி தள்ளினால் குறையும். காவடி எடுத்து நடந்தவர்கள் "இவ்வளவு தூரம் நடந்தும் எதுவும் ஏறவில்லை" என்று கேட்பதற்கும் இதுவே காரணம், இரண்டு கையும் காவடியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தன. அப்படியான நேரத்தில் நடைப்பயிற்சி என்று தனியாகத் தொடங்கி ஜிபிஎஸ்ஸில் தூரத்தை எடுங்கள்.

எப்போதும் ஒரே அளவில் தவறு என்றால், எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதையும் உங்கள் உயரத்தையும் ஆப்பில் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சோதனைக்கு நூறு அடி எண்ணி நடந்து பாருங்கள். ஐந்து அடி முன்பின் இருந்தால் விட்டுவிடலாம்.

12. ஓடிய தூரம் தவறு

சனிக்கிழமை காலை 8 மணி பார்க்ரன் (பூங்காக்களில் நடக்கும் பொது ஓட்டம்) நல்ல அளவுகோல், பாதை 5 கிலோமீட்டர். 4.9, 5.1 என்று வந்தால் வாட்ச் நலம். 4.6 என்று வந்தால்:

கிளம்புவதற்கு முன் திறந்த வெளியில் நின்று ஜிபிஎஸ் பச்சையாகும்வரை காத்திருந்தீர்களா? வாட்சை ஃபோனோடு பல நாள் இணைக்காமல் விட்டால் செயற்கைக்கோள் குறிப்புகள் பழசாகி, பிடிக்கவே நேரமாகும். பேட்டரி சேமிப்பு முறையில் இருந்தால் ஜிபிஎஸ் இடைவெளி விட்டுத்தான் பதியும், அதை அணையுங்கள். டர்பன் கடற்கரையின் உயரமான ஹோட்டல்களுக்கு அடியில் கோடு கட்டடங்களுக்குள் புகுந்து போவது பழுதில்லை, அலைகள் சுவரில் பட்டுத் திரும்புகின்றன. அது பெரிய தொந்தரவு என்றால் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் உள்ள வாட்ச் வேண்டும், விலை கூடும்.

பெட்டியில் 14 நாள் பேட்டரி என்று போட்டிருப்பது ஜிபிஎஸ் இல்லாத கணக்கு. காம்ரேட்ஸின் 90 கிலோமீட்டருக்கு அருகான தூரமும் 12 மணி நேர வரம்பும் மனதில் இருந்தால், ஜிபிஎஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் பாருங்கள்.

13. டர்பனில் சரியாக இருந்தது, ஜோஹனஸ்பர்க்கில் எல்லாம் மோசமாகக் காட்டுகிறது

ஜோஹனஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே ஆக்ஸிஜன் எண் சற்றுக் குறைவதும், அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறுவதும், விஓ2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்ஸிஜன்) சரிவதும் இயல்பு. கருவி உண்மையைச் சொல்கிறது. சில வாரம் தங்கினால் உடல் பழகும். ஒன்று மட்டும் கவனம்: கருமையான தோலில் ஆக்ஸிஜன் அளவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கு மருத்துவமனைக் கருவிகளிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. மூச்சு வாங்குகிறது, வாட்ச் 97 என்கிறது என்றால் மூச்சை நம்பி டாக்டரிடம் போங்கள்.

14. ஃபோன் செய்திகள் வாட்சுக்கு வரவில்லை, புள்ளிகளும் ஏறவில்லை

ஃபோனின் பேட்டரி அமைப்பில் வாட்ச் ஆப்பைக் கட்டுப்பாடு இல்லாமல் ஓட விடுங்கள். பத்தில் எட்டு வீட்டில் இதுதான் என்று சொல்லும் அளவுக்கு இது பொதுவானது. அப்புறம் அறிவிப்பு அனுமதி, அப்புறம் ப்ளூடூத்தை நீக்கி மறுபடி இணைப்பது. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) திட்டம் உடற்பயிற்சிக்குத் தரும் புள்ளிகள் வரவில்லை என்றால், முதலில் வாட்சின் சொந்த ஆப்பில் அந்த நாளின் அடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே இருந்தால் இரண்டு கணக்குக்கும் நடுவிலான அனுமதி காலாவதியாகியிருக்கலாம், துண்டித்து மறுபடி இணையுங்கள்.

15. வாட்ச் சார்ஜ் ஏறவில்லை

வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து பின்பக்க உலோகப் புள்ளிகளில் பச்சைக் கறை பிடிக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் வாட்சையும் சார்ஜரையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். கத்தியால் சுரண்டக் கூடாது. அதிவேக சார்ஜரில் ஏறவில்லை என்றால் சாதாரண 5 வோல்ட் அடாப்டரில் போடுங்கள். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். 5 ஏடிஎம் (தண்ணீர் தாங்கும் அளவு) என்று இருந்தாலும் வெந்நீர் ஷவருக்குப் போட்டுப் போக வேண்டாம், நீராவி ரப்பரைத் தாண்டிவிடும்.

திரை மேலே தூக்கியிருந்தாலோ பின்மூடி பிளந்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். அன்றே கடைக்கு.

திருப்பிக் கொடுக்கும் கட்டம்

தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-ன் 68-ஆவது சட்டம்) பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் உங்கள் பக்கம் நிற்கிறது. பொருள் பழுதானது என்றால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் இல்லை. "கம்பெனிக்கு அனுப்புவோம், காத்திருங்கள்" என்று மட்டும் சொன்னால் 56-ஆவது பிரிவைப் பணிவாக நினைவூட்டுங்கள். நீங்களே தவறாகப் பயன்படுத்திக் கெடுத்ததற்கு இது பொருந்தாது. அதனால்தான் பிரித்துப் பார்க்காதீர்கள் என்று மேலே சொன்னேன். இணையத்தில் வாங்கியது பழுதே இல்லை, பிடிக்கவில்லை என்றால் கைக்கு வந்து 7 நாளுக்குள் ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.

பில்லை வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். கொடுக்கும் முன் கோளாறை ஒரு சிறு வீடியோ எடுங்கள். கடையில் செருகும்போது ஒழுங்காக ஓடுவது உண்டு. வாட்சிலும் ஸ்டிக்கிலும் உங்கள் கணக்கை நீக்கிவிட்டுக் கொடுங்கள், பூட்டோடு கொடுத்தால் சோதிக்க முடியவில்லை என்று திரும்பி வந்துவிடும்.